சாவியைப் பார்த்தால் வங்கி ஏன் நினைவுக்கு வருகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சென்னையின் வாடகை வீடுகளைப் பற்றிய உங்கள் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘பத்து மாத அட்வான்ஸ்’, டெமி என்ற வழக்கமான நூல் அளவில், 160 பக்கங்களில் வரப்போகிறது. அட்டையை நீங்களே வடிவமைத்திருக்கிறீர்கள். பழுப்பு லேசாகக் கலந்த வெள்ளைப் பின்னணி, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாவி, வலது கீழ் மூலையில் மெல்லிய எழுத்தில் தலைப்பும் பெயரும். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். ‘ஏதோ குறைகிறது’ என்றார் ஒருவர். ‘எழுத்தைப் பெரிதாக்கு’, ‘கவிதை நூலா?’, ‘கொஞ்சம் கலர் சேர்க்கலாமே’, ‘வீட்டுக் கடன் கையேடு மாதிரி இருக்கிறது’, ‘பிரமாதம், இனி கை வைக்காதே’ என்று மற்றவர்கள் தொடர்ந்தார்கள். பதிப்பாளரோ பழைய வீடு ஒன்றின் புகைப்படத்தைப் போட்டுவிடலாம் என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது, மினிமலிஸ்ட் அட்டை, அதாவது மிகக் குறைவானவற்றை மட்டும் வைத்துச் செய்யும் அட்டை என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் கருத்தைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

பொருட்படுத்தத்தான் வேண்டும். உங்கள் நூலை விலை கொடுத்து வாங்கப்போகிறவர்களும் அவர்களைப் போன்றவர்களே. ஆனால் அவர்கள் சொல்லும் பரிகாரத்தையும் அவர்கள் சொல்லும் குறையையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். குறை பெரும்பாலும் உண்மையாக இருக்கும். பரிகாரம் பெரும்பாலும் பொருந்தாது.

நீங்கள் முன்மாதிரியாகச் சொல்லும் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் அட்டைகளிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. 1935இல் பிரிட்டனின் பெங்குவின் பதிப்பகம் ஆறு பென்ஸ் விலையில் தன் முதல் நூல்களைக் கொண்டுவந்தபோது அட்டையில் இருந்தவை மூன்று கிடைமட்டப் பட்டைகள், தலைப்பு, ஆசிரியர் பெயர், கீழே ஒரு பறவை. எட்வர்ட் யங் என்ற இளைஞர் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குப் போய்ப் பார்த்து வரைந்துவந்த பறவை அது. பார்க்க எளிமையாக இருந்தாலும் அந்தப் பட்டைகள் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சு என்றால் புனைகதை, பச்சை என்றால் குற்றக் கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. பாரிஸின் கலிமார் பதிப்பகம் 1911 முதல் ஒரே வடிவில் கொண்டுவரும் ‘வெண்ணிற வரிசை’ என்ற நூல்வரிசையில் பாலாடை நிற அட்டை, ஒரு கறுப்புக் கோடும் இரண்டு சிவப்புக் கோடுகளும் சேர்ந்த சட்டம், சிவப்பில் தலைப்பு, அவ்வளவுதான். ஜெர்மனியின் சூர்காம்ப் பதிப்பகத்துக்கு வில்லி ஃப்ளெக்ஹவுஸ் 1963இல் செய்த வரிசையில் படமே கிடையாது. அடுக்கி வைத்தால் வானவில்லின் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லண்டனின் ஃபிட்ஸ்கரால்டோ பதிப்பகம் 2014 முதல் புனைவுக்கு நீலத்தில் வெள்ளை எழுத்தும், கட்டுரை நூலுக்கு வெள்ளையில் நீல எழுத்தும் வைத்து வருகிறது.

இவை அனைத்தும் வரிசை நூல்களின் அட்டைகள் என்பதைக் கவனியுங்கள். பாரிஸில் ஒருவர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கும்போது பதிப்பகத்தின் நூறாண்டுப் பெயரையும் சேர்த்தே பார்க்கிறார். தனி நூலிலும் இதே கணக்குதான். 2013இல் டேவிட் பியர்சன் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலுக்குச் செய்த அட்டையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கறுப்புப் பட்டைகளால் அடித்து மறைக்கப்பட்டிருந்தன. தணிக்கையும் கண்காணிப்பும் பற்றிய நாவலுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் மறைத்தும் அது விற்றதற்குக் காரணம், மறைக்கப்பட்டது என்னவென்று கடைக்கு வந்தவருக்கு முன்பே தெரியும். குறைவாகச் சொல்லும் அட்டை எல்லாமே வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஓர் அறிமுகத்தை எடுத்துச் செலவு செய்கிறது. பெரிய பதிப்பகங்களும் புகழ்பெற்ற நூல்களும் வாசகர் மனத்தில் எப்போதோ அட்வான்ஸ் கட்டி வைத்துவிட்டன. முதல் நூல் எழுதும் உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே உங்கள் அட்டையில் மிஞ்சி நிற்கும் அந்த ஒரே பொருள் யாருடைய அறிமுகத்தைச் செலவு செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாவி வங்கியுடையதைச் செலவு செய்கிறது. வெள்ளைப் பின்னணி, நடுவில் தனிச் சாவி, கீழே நாகரிகமான மெல்லெழுத்து: அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரத்திலும் வீட்டுக் கடன் கையேட்டிலும் நகர வாசகர் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் உருவம் இது. போதாக்குறைக்குத் தலைப்பில் ‘அட்வான்ஸ்’ வேறு. உங்கள் கதைகள் சொந்த வீடு இல்லாதவர்களைப் பற்றியவை, அட்டையோ வீடு வாங்கச் சொல்கிறது. ‘வீட்டுக் கடன் கையேடு’ என்று சொன்ன நண்பர்மீது வருத்தப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவிலேயே மிக உபயோகமான கருத்து அவருடையதுதான். ‘பிரமாதம்’ என்றவர் உங்களுக்கு எதையும் தரவில்லை.

‘கவிதை நூலா?’ என்ற கேள்வியும் அதே ஊசியின் இன்னொரு குத்து. மெலிந்த நூல், நிறைய வெற்றிடம், ஒரு சின்னக் கோட்டோவியம் என்றால் தமிழில் பலருக்கும் கவிதைத் தொகுப்புதான் நினைவுக்கு வரும். இது தவறான பழக்கம் என்று வாதிடலாம், நானும் சேர்ந்து வாதிடுவேன். ஆனால் ஒவ்வொரு வாசகரிடமும் போய் அந்த வாதத்தை நடத்த முடியாது.

‘ஏதோ குறைகிறது’ என்ற கருத்துக்கு வருகிறேன். மினிமலிஸ்ட் அட்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டே தீர வேண்டிய வாசகம் இது. கேட்டவுடன் கை தானாக எதையாவது சேர்க்கப் போகும்: சாவிக்குப் பின்னால் ஒரு வட்டம், மூலையில் ஓர் இலை, பின்னணியில் பழைய காகிதத்தின் சுருக்கம். தயவுசெய்து சேர்க்காதீர்கள். அட்டையில் ஒன்றே ஒன்று இருந்து அந்த ஒன்றும் பேசாதபோதுதான் பார்ப்பவர் அப்படிச் சொல்கிறார். குறைவது எண்ணிக்கையென்று அவருக்குத் தோன்றுகிறது, பிழை இருப்பதோ அந்தப் பொருளில். சேர்ப்பதைவிட மாற்றுங்கள்.

எதை வைப்பது? நீங்கள் அனுப்பிய கதை ஒன்றில் வீட்டுக்காரர் ‘சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது’ என்கிறார். அந்தக் குடும்பம் காலி செய்து போகும்போது தினசரி காலண்டரைக் கழற்றுகிறார்கள், அது தொங்கிய இடத்தில் மட்டும் சுவரின் நிறம் மங்காமல் நீள்சதுரமாக இருக்கிறது. உங்கள் அட்டை அங்கே இருக்கிறது. முழு அட்டையும் வெளிறிப்போன டிஸ்டெம்பர் பச்சை. மேல்பாதியில் சற்று அடர்ந்த பச்சையில் ஒரு நீள்சதுரம், அதன் தலைமாட்டில் ஒரே ஓர் ஆணி. தலைப்பு அந்தச் சதுரத்துக்குள். இதிலும் இருப்பது ஒரே பொருள்தான், சாவியைவிடச் சிக்கனமானதும்கூட. ஆனால் வாடகை வீட்டில் இருந்த யாருக்கும் அந்தச் சதுரம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இருந்திராதவருக்கும் யாரோ எதையோ கழற்றிப் போயிருக்கிறார்கள் என்பது தெரியும். வங்கி இந்த உருவத்தைத் தொடாது என்பது கூடுதல் லாபம்.

செய்து பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சுவருக்கும் சதுரத்துக்கும் உள்ள நிற வேறுபாட்டைத் தாராளமாக வையுங்கள். கணினித் திரையில் ஐந்து, பத்து சதவீத வேறுபாடு அழகாகத் தெரியும். அச்சாகி, மேலே மினுக்கமில்லாத மேட் லேமினேஷன் படலமும் ஒட்டிய பிறகு அது இருந்த இடம் தெரியாது. சுவரின் சாயத்தை 30 சதவீதத்தில் வைத்தால் சதுரத்தை 50க்குக் கொண்டுபோங்கள். திரையில் கொஞ்சம் முரடாகத் தெரியட்டும், பரவாயில்லை. ஆணிக்குப் புகைப்படம் வேண்டாம். தலை ஒரு புள்ளி, கீழே சாய்ந்த நிழல் ஒரு கோடு, அது போதும். நுணுக்கமான ஆணியை வரைந்தால் எல்லோரும் ஆணியைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது சதுரத்தை.

இனி எழுத்து. உங்கள் அட்டையில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். மேற்கத்திய மினிமலிஸ்ட் அட்டைகளில் எழுத்து அத்தனை கச்சிதமாக உட்கார்வதற்கு ஒரு காரணம் அவற்றின் பெரிய எழுத்துகள். எல்லாம் ஒரே உயரம், மேலும் கீழும் எதுவும் நீட்டாது, இடைவெளி விட்டு விரித்தால் தலைப்பு ஒரு நேர்ப்பட்டையாகிவிடும். அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் 1947இல் பெங்குவினுக்குப் போனதும் அச்சுக்கோப்பவர்களுக்கு விதி எழுதிக் கொடுத்து, பெரிய எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்காகவே பிடிவாதம் பிடித்தார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற ஏற்பாடே இல்லை. நம் எழுத்துகள் மேலே கொம்பும் புள்ளியும் வைத்துக்கொண்டு, கீழே வாலையும் தொங்கவிட்டுக்கொண்டு வருகின்றன. உங்கள் தலைப்பையே பாருங்கள்: ‘பத்து மாத’ மேல்வரி, ‘அட்வான்ஸ்’ கீழ்வரி. மேல்வரியில் த் கீழே வாலை நீட்டும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டாம் வரியின் ட் தன் புள்ளியை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. நீங்கள் வரிகளை நெருக்கியிருப்பதால் அந்தப் புள்ளி த்-இன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அட்டையில் வேறு அலங்காரம் எதுவும் இல்லாததால் இது தழும்பு போலத் தெரியும்.

மெல்லெழுத்தும் அப்படித்தான். நீங்கள் எடுத்திருப்பது கட்டமரன் எழுத்துருவின் மிக மெலிந்த வடிவம் என்று நினைக்கிறேன். நல்ல எழுத்துரு, ஒன்பது கனங்களில் கிடைக்கிறது, ஆனால் அந்த மெலிந்த முனை நூலட்டைக்கு உதவாது. இணையக் கடையில் உங்கள் அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிகள். புள்ளி போனால் ‘அட்வான்ஸ்’ ‘அடவானஸ’ ஆகிவிடும். ‘எழுத்தைப் பெரிதாக்கு’ என்றவர் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம். அவர் கைபேசியில்தானே பார்த்தார். அளவைத் தொடாமல் கனத்தை இரண்டு படி ஏற்றிப் பாருங்கள், அந்தக் கருத்து திரும்ப வராது.

எழுத்துகளை விரித்து இடைவெளி விடும் ஆசை இருந்தால், துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மா’ என்பது ‘ம’ என்றும் ஒரு கால் என்றும் பிரிந்து நிற்கும் அட்டைகளைக் புத்தகக் கண்காட்சியில் ஆண்டுதோறும் பார்க்கிறேன், ஆண்டுதோறும் எரிச்சல் வருகிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் செய்கிறீர்கள் என்றால் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எங்காவது இடம் மாறி உட்காரும்.

கையெழுத்தாகவே வரைந்தால் என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். படம் இல்லாத அட்டைக்கு நமக்கென்று ஒரு மரபு இருக்கிறது. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் தூரிகையால் எழுதிய தலைப்புகளைப் பாருங்கள். தடித்துத் தொடங்கி வறண்டு முடியும் அந்த எழுத்தே அட்டையின் ஓவியமாக இருக்கும், பக்கத்தில் இன்னொன்று தேவைப்படாது. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் நூல்களை யாரிடமாவது வாங்கி வைத்துப் புரட்டுங்கள். எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது கையில் எடுத்தால்தான் தெரியும். பாரிஸுக்கும் லண்டனுக்கும் போவதற்கு முன்னால் இங்கே ஒரு சுற்றுப் பார்த்திருக்கலாம் என்பது என் சின்ன ஆதங்கம்.

கருத்துக் கேட்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் போட்டதுதான் முதல் கோளாறு. முதலில் ஒருவர் ‘ஏதோ குறைகிறது’ என்று எழுதிவிட்டால் அடுத்தவர்கள் அந்தக் குறையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். கதைகளைப் படித்தவர்களை விட்டுவிடுங்கள், சாவியைப் பார்த்ததும் அவர்களுக்கு உங்கள் கதாபாத்திரங்கள் நினைவுக்கு வந்துவிடும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அதற்குத் தமிழர்கள் மரியாதையாக ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறோம். கைபேசியில் இரண்டு, மூன்று விநாடி காட்டிவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். ‘இது என்ன மாதிரி நூல்? தலைப்பு என்ன? என்ன படம் இருந்தது?’ என்று கேளுங்கள். தலைப்பைச் சொல்ல முடியவில்லையென்றால் எழுத்தில் கோளாறு. ‘சமையல்’, ‘ஜோதிடம்’, ‘வங்கி’ என்று சொன்னால் பொருளில் கோளாறு. ‘யாரோ வீட்டைக் காலி செய்தது மாதிரி இருந்தது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அழகாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்கவே வேண்டாம்.

காட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தைகூட விளக்காதீர்கள். கடையில் நூலுக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கப்போவதில்லை.

மூன்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டு எடுப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. ஒப்பிடச் சொன்னவுடன் பார்ப்பவர் வாசகர் வேலையை விட்டுவிட்டு நடுவராகிவிடுகிறார். மூன்றில் யாரையும் உறுத்தாதது ஜெயிக்கும். யாரையும் உறுத்தாத அட்டையை யாரும் கையில் எடுப்பதுமில்லை. ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்புங்கள். ‘கொஞ்சம் கலர்’ என்பதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கலர் கேட்பவர் பெரும்பாலும் உங்கள் வெள்ளை கண்ணில் படவில்லை என்றுதான் சொல்கிறார். அதில் நானும் அவர்கள் கட்சி, காரணங்கள் மட்டும் வேறு.

வெள்ளை அட்டை நம் நடைமுறையில் அதிகம் அடிபடும். அட்டைக்குப் போடும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் போர்டு வெள்ளையானது. அதன்மேல் உங்கள் பழுப்பு கலந்த வெள்ளையைக் கொண்டுவர மிக மெல்லிய மஞ்சள் புள்ளிகளைத்தான் அச்சிட வேண்டும். அந்த மெல்லிய சாயம் அச்சுக்கு அச்சு மாறும், மறுபதிப்பில் வேறு நிறமாக வரும். கடைக்குப் போய்வந்த பிரதிகளில் முதுகின் ஓரம் கறுத்திருக்கும். இணையக் கடையின் பக்கமும் வெள்ளைதான், அட்டையின் விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாது. கிண்டிலுக்கு நேரடியாக நூல் ஏற்றுபவர்களுக்கு அமேசானே வெளிறிய அட்டையைச் சுற்றி மூன்று, நான்கு பிக்சலுக்குச் சாம்பல் கோடு போடச் சொல்கிறது. மின்நூலும் கொண்டுவருவீர்கள் என்றால் படத்தை 2560க்கு 1600 பிக்சலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பரப்பும் ஒரே நிறமாக இருப்பதிலும் ஆபத்து உண்டு. புகைப்பட அட்டையில் தூசி விழுந்தால் யாருக்கும் தெரியாது, பச்சைச் சுவரில் விழுந்தால் அம்மைத் தழும்பாகத் தெரியும். ஆஃப்செட்டில் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். ஐம்பது, நூறு பிரதி டிஜிட்டலில் போடுவதாக இருந்தால் பரப்பு பட்டை பட்டையாக வரக்கூடும், ஒரு பிரதி அடித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தலைப்பைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள், நான்கு மைகளையும் கலந்து உண்டாக்கிய கறுப்பில் வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டிய மைகள் ஓர் இழை நகர்ந்தாலும் புள்ளிகள் மசமசவென்று ஆகிவிடும். நிறம், மை விஷயத்தில் மட்டும் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேளுங்கள்.

பதிப்பாளரின் புகைப்பட யோசனையை உடனே மறுக்க வேண்டாம். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். நந்தனத்தில் ஜனவரியில் நடக்கும் கண்காட்சியில் மேசைமேல் நூல்கள் மல்லாந்து கிடக்கும், நடந்துபோகிறவர் கண் ஒன்றில் நிற்க ஒரு நொடிகூட ஆகாது என்பது அவருடைய அனுபவம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த மேசையில் ஏற்கெனவே கிடப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள்: பழைய கதவு, மழை பெய்யும் ஜன்னல், முதுகு காட்டி நிற்கும் பெண். அவற்றின் நடுவே ஒரே நிறத்தில் அமைதியாக ஒரு பச்சைச் சதுரம் கிடந்தால் கண் அங்கேதான் போகும். இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார். அட்டையை நிஜ அளவில் அச்சிட்டு, வேறொரு நூலின்மேல் சுற்றி, அவருடைய கடையில் மற்ற நூல்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சாவி அட்டையையும் அதேபோல வையுங்கள், வித்தியாசம் அவருக்கே தெரியும். அப்போதும் புகைப்படம்தான் வேண்டும் என்றால், காசு போடுகிறவர் அவர். ஆனால் காலி அறையின் சுவரை நேராகப் பார்த்து எடுத்த படமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் கிணறாவது தாண்டியிருப்பீர்கள்.

கடைசியாக, நீங்கள் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். முன்னால் இவ்வளவு சிக்கனம் பிடித்துவிட்டுப் பின்னட்டையில் மூன்று பேருடைய பாராட்டு, ஆசிரியர் படம், ஊர், படிப்பு, பெற்ற பரிசுகள், பதிப்பக முகவரி, விலை, ஐஎஸ்பிஎன் பட்டைக்கோடு என்று அடைத்துவிடும் நூல்கள் ஏராளம். பட்டைக்கோட்டைச் சுற்றி வெள்ளை இடம் விட்டே ஆக வேண்டும், அதற்கு மட்டும் சலுகை. மற்றவற்றில் கதையிலிருந்து நான்கு வரி போதும். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 160 பக்கம் என்றால் முதுகு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான் வரும், அச்சகத்தில் வெற்றுக் காகிதத்தில் டம்மி, அதாவது மாதிரி நூல் கட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். நூல் கண்காட்சி மேசையில் கிடப்பது சில நாள், அலமாரியில் முதுகு காட்டி நிற்பது பல வருடம். அந்த 8 மில்லிமீட்டரில் தலைப்பு எப்படி நிற்கிறது, பச்சை எங்கே மடிகிறது என்று முழு அட்டையையும் விரித்து அனுப்புங்கள். முதுகைப் பார்க்காமல் முன்பக்கத்தைப் பற்றி இதற்குமேல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.